ஒரு கடற்கொள்ளைக்காரி நாவல், ஒன்பது வாசகர்கள், மூன்று போயா நாட்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், நாங்கள் ஒன்பது பேர் போயா எனும் பௌர்ணமி நாட்களில் கூடி நாவல் வாசிக்கிறோம். பெயர், தலைவர், சந்தா எதுவும் கிடையாது. போயா என்றால் எல்லாருக்கும் லீவு, அதனால் அந்த நாள். கீழே கரையோர ரயில் போகும்போது ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. அந்த நேரம் பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, ரயில் தெகிவளைப் பக்கம் போனதும் விட்ட இடத்தில் பிடிப்போம். வழக்கமாக ஒரு நாவலுக்கு ஒரு போயா. போன வருடம் ஒரே நாவலுக்கு மூன்று போயா போனது. ஏன் அப்படிப் போனது, முதல் நாளில் ஒன்பது பேரும் என்ன நினைத்தார்கள், கடைசி நாளில் எங்கே வந்து நின்றார்கள் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. வாசகர் கருத்து என்று நாம் லேசாகச் சொல்லிவிடும் விஷயம் எங்கிருந்து புறப்படுகிறது என்பதை இவ்வளவு கிட்ட நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாவல் ஆங்கிலத்தில் வந்தது, வரலாற்றுச் சாகசம். 1720இல் ஜமெய்க்காவில் பிடிபட்ட ஆன் பொனி, மேரி ரீட் என்ற இரண்டு கடற்கொள்ளைக்காரிகளின் கதை. அதில் மேரி ரீட்தான் நாயகி. நாவலின் பெயரையும் எழுதியவர் பெயரையும் இங்கே போடவில்லை, ஏனென்றால் இது மதிப்புரை இல்லை, நான் எழுத வந்தது வாசித்தவர்களைப் பற்றி. கதை இதுதான்: மேரி சிறுவயதிலிருந்தே ஆண்பிள்ளை வேடத்தில் வளர்கிறாள், படையில் சேர்கிறாள், பிறகு கப்பலேறுகிறாள். ஜோன் ரக்கம் என்ற கொள்ளைத் தலைவனின் மூன்று பாய்மரக் கப்பலில் மாதக்கணக்காக ஆணாகவே இருக்கிறாள். அவள் பெண் என்று தெரியவரும் அத்தியாயம் நாவலின் நட்டநடுவில் வருகிறது. இடையில் ஸ்பானியர்களின் தங்கப் பெட்டி ஒன்று கிடைக்கிறது. வள்ளத்தில் சாமான் கொண்டுவரும் பெண் ஒருத்தியைப் பிடித்து, மேரி இரக்கப்பட்டு, கையில் ஒரு காசும் கொடுத்து விட்டுவிடுகிறாள். கடைசியில் பிடிபடுகிறார்கள், அந்த வள்ளத்துக்காரியே வந்து சாட்சி சொல்கிறாள், தூக்குத் தீர்ப்பு. அப்போது இரண்டு பெண்களும் தாங்கள் கர்ப்பிணிகள் என்று சொல்லித் தூக்கைத் தள்ளிப்போடுகிறார்கள்.

எங்களில் ஆறு பேர் புத்தகத்தை ஆங்கிலத்திலேயே வாசித்தார்கள். மற்ற மூன்று பேருக்கு நான் ஒவ்வொரு அத்தியாயமாகத் தமிழில் சொல்லி வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினேன். அந்த மூவரில் ஒருவர் முகத்துவாரத்து அக்கா. கருவாடு போட்டு விற்பவர், கணவரின் தம்பிமார் இப்போதும் கடலுக்குப் போகிறார்கள். இரவு சமையல் முடிந்து பாத்திரம் கழுவும்போது கேட்பாராம். இந்த அக்காவைப் பற்றித்தான் இந்த எழுத்தின் பெரும்பகுதி வரப்போகிறது.

முதல் போயாவில் பேச்சைத் தொடங்க முன், ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுத்தேன். இந்த நாவலில் நீங்கள் மிகவும் நம்பிய ஒரு விஷயத்தை எழுதுங்கள், கொஞ்சமும் நம்ப முடியாமல் போன ஒரு விஷயத்தை எழுதுங்கள், பெயர் போட்டு எழுதுங்கள். அவ்வளவுதான். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்டால் முதலில் சொல்பவரின் பதிலே கூடத்தின் பதிலாகிவிடும் என்பது பழைய அனுபவம். எழுதி முடித்ததும் கடதாசிகளை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடினேன்.

அன்றைக்குப் பேச்சு நன்றாகத்தான் போனது. மொழி அழகு, கடல் வர்ணனை, காதல் கொஞ்சம் நீளம், நடுவில் கொஞ்சம் இழுவை. இதெல்லாம் எந்த நாவலுக்கும் சொல்லக்கூடியவை. வீட்டுக்கு வந்து தகரத்தைத் திறந்து வாசித்தபோதுதான் திகைத்தேன். ஐந்து பேர் நம்பாதது என்று எழுதியிருந்தது கர்ப்பம். "சரியாகத் தூக்குக்கு முன்னால் இரண்டு பேருமே கர்ப்பமா, இது சினிமா" என்று ஒருவர். "எழுதியவர் நாயகியைக் கொல்ல மனமில்லாமல் கண்டுபிடித்த வழி" என்று இன்னொருவர். வேறு இரண்டு பேர், சண்டை நேரத்தில் ஆண்கள் கீழே பதுங்கப் பெண்கள் மேல்தட்டில் நின்று போராடியதை நம்பவில்லை. நம்பியது என்ற இடத்தில் ஏறக்குறைய எல்லாருமே ஒன்றைத்தான் எழுதியிருந்தார்கள், ஆண்வேடம். "அந்தக் காலத்தில் பெண் கப்பலில் இருக்க வேறு வழியில்லை." ஒருவர் தங்கப் பெட்டி, ஒருவர் மேரியின் படைவாழ்க்கை.

எனக்கு அந்த வழக்கைப் பற்றிக் கொஞ்சம் தெரியும், அதனால்தான் திகைப்பு. கர்ப்பம் நாவலாசிரியரின் கற்பனையே இல்லை. வழக்குப் பதிவில் உள்ளது அது. ஆண்வேடத்தில் மாதக்கணக்காக ஒளிந்திருந்தது, படையில் இருந்தது எல்லாம் வருவது 1724இல் லண்டனில் கப்டன் சார்ல்ஸ் ஜோன்சன் என்ற பெயரில் வெளிவந்த கடற்கொள்ளையர் வரலாற்றில். வழக்கு முடிந்து நாலு வருடத்துக்குப் பிறகு, விற்பனைக்காகச் சுவைகூட்டி எழுதிய புத்தகம் அது. நாங்கள் ஒன்பது பேரும், கிட்டத்தட்ட ஒருமித்து, பதிவில் இருப்பதைச் சந்தேகித்துச் சோடனையை நம்பியிருந்தோம். ஒரே ஒரு துண்டைத் தவிர. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது போயாவுக்குச் சட்டத்தரணி அண்ணா வழக்குப் பதிவை அச்செடுத்துக்கொண்டு வந்தார். 1721இல் ஜமெய்க்காவிலேயே அச்சிட்ட சிறு நூல், பழைய ஆங்கிலம். அவரே வரிவரியாக வாசித்துத் தமிழில் சொன்னார். நீதிமன்றத்தில் வாசித்துப் பழகிய குரல், யாரும் இடையில் பேசவில்லை.

திகதிகளை முதலில் வைக்கிறேன். 1720 ஓகஸ்ட் 22 அன்று பஹாமாஸின் நசோ துறைமுகத்திலிருந்து ரக்கமும் கூட்டாளிகளும் 'வில்லியம்' என்ற சிறு பாய்க்கப்பலைக் களவெடுத்துக்கொண்டு போனார்கள். செப்டெம்பர் 5 அன்று பஹாமாஸ் ஆளுநர் வூட்ஸ் ரோஜர்ஸ் ஓர் அறிவித்தல் விட்டார். அதில் களவெடுத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன, ஆன் பொனியின் பெயரும் மேரி ரீட்டின் பெயரும் பெண்கள் என்றே அதில் இருக்கின்றன. அதாவது கப்பல் போய் இரண்டு கிழமைக்குள் அரசாங்கத்துக்கே தெரியும், ஊருக்கே தெரியும். பிறகு யாரிடம் எதை ஒளித்தார்கள்? ஒக்டோபரில் ஜமெய்க்காவின் மேற்கு முனையில் பிடிபட்டார்கள். நவம்பர் 16 ரக்கத்துக்கு வழக்கு, 18 தூக்கு. பெண்கள் இருவருக்கும் வழக்கு நவம்பர் 28. இரண்டு மாதக் கொள்ளை, அவ்வளவுதான் முழுக்கதையும். நாவலில் அது இரண்டு வருடம்.

வல்வெட்டித்துறை ஐயா அதுவரை பேசாமல் இருந்தவர். அவருடைய பாட்டனார் பாய்க்கப்பலில் தண்டையலாக, அதாவது கப்பல் தலைவராக இருந்தவர், ரங்கூனுக்கு ஓடியவர். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த கதையை அவர் எங்களுக்கு முன்பு சொல்லியிருக்கிறார், சொல்லும்போது கை பாய்க்கயிறு இழுப்பதுபோல் தானாக அசையும். அந்த ஐயாவே முதல் நாள் துண்டில் ஆண்வேடத்தை நம்பியதாகத்தான் எழுதியிருந்தார். ஏனென்றால் நாவலில் கப்பல் பெரியது, மூன்று பாய்மரம், அறைகள், ஏணிப்படிகள். சட்டத்தரணி அண்ணா அந்த வில்லியம் சுமார் 12 தொன் என்று சொன்னதும் ஐயா கதிரையில் நிமிர்ந்தார்.

"தம்பி, பன்னிரண்டு தொன் எண்டால் அது கப்பல் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் அதுக்குள்ளை கிடந்தால் ஒருத்தன் இருமினால் மற்றவன் எழும்புவான். எங்கை உடுப்பு மாத்திறது? எங்கை ஒதுங்கிறது? கடல்லை ஒதுங்கிறது எண்டால் அணியத்திலை கயித்தைப் பிடிச்சுக்கொண்டுதான். ஆரிட்டை ஒளிக்கிறது?"

அவ்வளவுதான் சொன்னார். நாவலின் நடு அத்தியாயம், எல்லாரும் பாராட்டிய அந்த வெளிப்படும் காட்சி, அந்த இடத்திலேயே சரிந்தது. எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், ஐயாவின் அறிவு முதல் நாளும் அவரிடம் இருந்தது. ஆனால் நாவலாசிரியர் மூன்று பாய்மரத்தைக் கட்டிக் கொடுத்ததால் அந்த அறிவுக்கு வேலை இல்லாமல் போனது. ஓர் எண் கிடைத்ததும் எழும்பியது.

வழக்கில் இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது: ஒரு கப்பலைக் கண்டு துரத்தும்போதும் தாக்கும்போதும் அந்தப் பெண்கள் ஆண் உடுப்புப் போடுவார்கள், மற்ற நேரம் பெண் உடுப்பில்தான் இருந்தார்கள். வேடமே இல்லை, வேலை உடுப்பு. எங்கள் வீட்டுப் பெண்கள் தோட்டத்தில் இறங்கும்போது சேலைக்கு மேல் ஆண்களின் பழைய சேட்டைப் போட்டுக்கொள்வதுபோல.

அப்படியென்றால் நாங்கள் எல்லாரும் ஏன் வேடத்தை அவ்வளவு சுலபமாக நம்பினோம்? இந்தக் கேள்விக்கு ரீச்சர்தான் பதில் கொண்டுவந்தார். உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பித்து இளைப்பாறியவர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் ஒரு வரி: "முந்நீர் வழக்கம் மகடூஉவொடு இல்லை." பொருள் தேடிக் கடல்வழி போகும் ஆண், பெண்ணைக் கூட்டிப் போகும் வழக்கம் இல்லை. அகத்திணையியலில் பிரிவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வருவது அது. ரீச்சர் சொன்னார், இந்த வரியை நாங்கள் படித்தோமோ இல்லையோ எங்களுக்குள் இருக்கிறது, கடல் என்றால் ஆண் போவான், பெண் கரையில் நிற்பாள். அதனால் ஒரு பெண்ணைக் கப்பலில் கண்டவுடன் ஏன், எப்படி என்று ஒரு விளக்கம் எங்களுக்குத் தேவைப்படுகிறது. வேடம் அந்த விளக்கத்தைத் தருகிறது. விளக்கம் கிடைத்ததும் நம்பிவிடுகிறோம். அவர் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது, எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. ஆங்கிலேயரிடமும் இதே எண்ணம் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 1724இல் அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு வேடம் தேவைப்பட்டிருக்காது.

கர்ப்ப விஷயத்தைச் சீக்கிரமே முடித்தோம், ஏனென்றால் அது சட்டம். தீர்ப்புச் சொன்ன பிறகு இருவரும் தாங்கள் கர்ப்பமாக இருப்பதாகச் சொல்லித் தண்டனையை நிறுத்தும்படி கேட்டார்கள், நீதிமன்றம் பரிசோதிக்கச் சொல்லி நிறுத்தி வைத்தது. அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் வயிற்றில் பிள்ளை இருந்தால் பிறக்கும்வரை தூக்கில் போட முடியாது. அண்ணா சொன்னார், எங்கள் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையிலும் கர்ப்பிணிக்கு மரண தண்டனை விதிக்கக் கூடாது என்று இருக்கிறது. 1976க்குப் பிறகு இங்கே யாரையும் தூக்கில் போடவில்லை என்பதால் நாங்கள் அதைப் பற்றி யோசிப்பதில்லை, அவ்வளவுதான். மேரி ரீட் 1721 ஏப்ரலில் சிறையிலேயே இறந்து புதைக்கப்பட்டாள். "நாயகியைக் கொல்ல மனமில்லாமல்" என்று எழுதியவர் அதைக் கேட்டுவிட்டு என்னிடம் தன் துண்டைத் திருப்பித் தரச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. அன்றைய கருத்து அன்றையதுதான், அழித்தால் இந்த ஆய்வுக்கே பொருளில்லை.

மேல்தட்டுச் சண்டையை நம்பாத இரண்டு பேரைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆண்கள் பதுங்கப் பெண்கள் நின்று சண்டை பிடித்ததும், தூக்குக்கு முன் ரக்கத்தைப் பார்த்து ஆன் பொனி சொன்னதாக எல்லாரும் மேற்கோள் காட்டும் அந்த ஏளனப் பேச்சும் 1724 புத்தகத்திலிருந்துதான் வருகின்றன, வழக்குப் பதிவில் இல்லை. ஆகவே அந்த இருவரின் சந்தேகம் வீணில்லை. ஆனால் பெண்களால் முடியாது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அது சரியான காரணம் இல்லை. பெண்கள் ஆயுதம் பிடித்ததை, கப்பலில் எந்த வேலைக்கும் முன்னுக்கு நின்றதைச் சாட்சிகள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, இப்போது அந்த ஒரு துண்டு.

முகத்துவாரத்து அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதியது. நம்பாதது என்ற இடத்தில்: "வள்ளத்துக்காரி நன்றி கெட்டவள் என்று சொன்னது." ஒன்பது பேரில் புத்தகத்தின் கற்பனை ஒன்றைச் சரியான காரணத்தோடு கற்பனை என்று முதல் நாளிலேயே பிடித்தவர் அவர் ஒருவர்தான். அவர் புத்தகத்தைக் கையால் தொட்டதில்லை. என் குரலில் கேட்டதுதான்.

நாவலில் அந்த அத்தியாயம் அழகாக எழுதப்பட்டது, அதை மறைக்க முடியாது. காலைப் பனி, சின்ன வள்ளம், அதில் ஒரு பெண் கோழியும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு தனியாகத் துடுப்புப் போட்டு வருகிறாள். கொள்ளையர் சூழ்ந்துகொள்கிறார்கள். மேரி முன்னுக்கு வந்து அவளை விடச் சொல்கிறாள், காசு கொடுக்கிறாள். பிறகு வழக்கில் அதே பெண் எழுந்து நின்று மேரியைக் காட்டிக் கொடுக்கிறாள், கண்ணைப் பார்க்காமல். வாசித்த ஆறு பேரும் அந்த வள்ளத்துக்காரியை வெறுத்தார்கள். நானும் வெறுத்தேன். குரல் பதிவில் அந்த வெறுப்போடுதான் சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன்.

முதல் நாளே அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது: "தம்பி, அந்தப் பொம்பளக்கிட்ட எடுத்த சாமானுக்குக் காசு குடுத்தாங்களா?"

ஒரு காசு கொடுத்தாள் அக்கா என்றேன்.

"வள்ளம் நெறைய சாமானுக்கு ஒரு காசா? அப்போ எடுத்ததுதானே. எடுத்துட்டு உயிரோட விட்டதுக்கு நன்றி சொல்லணுமா?"

நான் பதில் சொல்லவில்லை, ரயில் வந்தது. இரண்டாம் போயாவில் அண்ணா அந்தச் சாட்சியத்தை வாசித்தபோதுதான் அக்காவின் கேள்வி எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்று விளங்கியது. டொரத்தி தோமஸ் அவள் பெயர். ஜமெய்க்காவின் வடகரையில் உணவுப் பொருட்களோடு வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தவள், அதையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். அவள் சொன்னது: அந்த இரண்டு பெண்களும் ஆண்களின் மேற்சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டு, தலையில் லேஞ்சி கட்டி, கையில் கத்தியும் கைத்துப்பாக்கியும் வைத்திருந்தார்கள். மார்பைப் பார்த்தே பெண்கள் என்று தெரிந்துகொண்டேன். பிறகு அவள் சொன்னதை அண்ணா இரண்டு தடவை வாசித்தார். அந்தப் பெண்கள் ஆண்களைத் திட்டித் திட்டி, இவளைக் கொல்லுங்கள், விட்டால் நாளைக்கு நமக்கு எதிராகச் சாட்சி சொல்ல வருவாள் என்றார்களாம்.

கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. நாவலில் இரக்கம் காட்டியவள் பதிவில் கொல்லச் சொன்னவள். நன்றி கெட்டவள் என்று நாங்கள் எல்லாரும் திட்டிய பெண், தன்னைக் கொல்லச் சொன்னவர்களை நேருக்கு நேர் பார்த்து அடையாளம் காட்டிய பெண். வள்ளத்துக்காரி ஒருத்தி, ஆளுநர் இருக்கும் மன்றத்தில் எழுந்து நின்று அவ்வளவையும் சொல்லியிருக்கிறாள்.

அக்கா அழவில்லை, வெற்றி பெற்றதுபோலவும் இருக்கவில்லை. அவர் சொன்னது: "எங்கம்மா தலையில கூடை வச்சுக்கிட்டு வீடு வீடாப் போவாங்க. ஒருநாள் ஒருத்தன் கூடைய இழுத்துட்டுப் போயிட்டான். மீன் போனது பரவாயில்ல, கூடையத்தான் அம்மா ஒரு வாரம் சொல்லிட்டே இருந்தாங்க. கூடை இல்லாட்டி நாளைக்கும் இல்லதானே." அவ்வளவுதான் அவருடைய விமர்சனம். நாவலாசிரியர் அந்த வள்ளத்தைக் கப்பல் மேலிருந்து பார்த்தார், அக்கா வள்ளத்துக்குள் இருந்து பார்த்தார்.

அண்ணா உடனே குற்றப்பத்திரிகைப் பக்கத்தைத் திருப்பி, எடுத்த பொருட்களின் கணக்கை வாசித்தார். செப்டெம்பர் 3, பஹாமாஸின் ஹார்பர் தீவுக்குக் கிட்ட ஏழு மீன்பிடி வள்ளங்கள். எடுத்தது மீனும் மீன்பிடிச் சாமான்களும், பெறுமதி ஜமெய்க்கா நாணயத்தில் 10 பவுண். பிறகு ஒரு கப்பலிலிருந்து 50 சுருள் புகையிலையும், மிளகு போன்ற ஒரு வாசனைக் காய் 9 மூட்டையும். தங்கப் பெட்டி எங்குமே இல்லை. ஏழு வள்ளத்தின் வலையும் தூண்டிலும். வலை போனால் என்ன ஆகும் என்று முகத்துவாரத்திலோ மன்னாரிலோ வல்வெட்டித்துறையிலோ யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஐயா அந்த இடத்தில் அக்காவைப் பார்த்து, "ஏழு வள்ளம் எண்டால் எத்தினை வீடு பிள்ளை" என்றார். அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டார், வள்ளத்துக்கு மூன்று பேர் என்றால் இருபத்தொரு வீடு.

எனக்கு இந்த இடத்தில் ஒரு கோபம் வந்தது, இன்னும் தணியவில்லை. கடற்கொள்ளை நாவல்களில் கொள்ளை போவது எப்போதும் அரசனின் தங்கமாகவே இருக்கிறது, அதனால் வாசகருக்கு உறுத்துவதில்லை. நாயகி பெண் என்றால் இன்னும் வசதி, அவளுக்குக் கிடைக்கும் சுதந்திரத்தை நாம் கொண்டாடிக்கொண்டே போகலாம். அந்தச் சுதந்திரத்துக்கு யாருடைய வலை போனது என்பதை நாவல் சொல்லாமல் விட்டால், வாசகராகிய எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டவர் கருவாடு விற்கும் ஒருவர்.

ஆனால் எல்லாரும் இந்தப் பக்கம் சாய்ந்துவிடவில்லை. கம்பஸில் படிக்கும் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள், எங்களில் வயதில் குறைந்தவள், நாவலை இரண்டு தடவை வாசித்தவள். அவள் கோபமும் நாவல் மேல்தான், ஆனால் வேறு காரணம். மேரி கொல்லச் சொன்னாள் என்று தெரிந்த பிறகு அவளை எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது, ஏன் அதை எடுத்துவிட்டு ஒரு காசைக் கையில் கொடுத்து நல்ல பிள்ளை ஆக்கினார்கள் என்று கேட்டாள். ஆண் கொள்ளைக்காரன் கொலை செய்தால் வீரம், பெண் கொள்ளைக்காரி என்றால் மனம் இளகியிருக்க வேண்டுமா? கெட்டவளாக இருக்கும் உரிமையையும் அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள் என்றாள். அக்கா அவளைப் பார்த்து, "நீ அவளை வச்சுக்கோ, எனக்கு வள்ளத்துக்காரி போதும்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் சமாதானமாகவில்லை, அதுவும் நல்லதுதான். இரண்டு பேருமே ஒரே காட்சியில்தான் நாவல் தவறியது என்கிறார்கள், எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து.

வங்கியில் வேலை செய்யும் தம்பி கடைசிவரை மாறவில்லை. எல்லாம் விளங்குது அண்ணா, ஆனால் கிழமை முழுக்க மற்றவர்களின் காசை எண்ணிவிட்டு வந்து வாசிக்கிறவனுக்கு அந்தத் தங்கப் பெட்டி வேணும் என்றான். அவன் சொன்னதை நான் மதிக்கிறேன். அவன் தெரிந்துகொண்டு கேட்கிறான், முதல் நாள் நாங்கள் யாரும் தெரிந்துகொண்டு கேட்கவில்லை.

மூன்றாம் போயாவில் மறுபடியும் துண்டு கொடுத்தேன், அதே இரண்டு கேள்வி. கர்ப்பத்தை இந்தத் தடவை யாரும் நம்பாத பக்கத்தில் எழுதவில்லை. அது எதிர்பார்த்ததுதான், பதிவைக் கேட்ட பிறகு யார் எழுதுவார்கள். நான் எதிர்பாராதது, ஆண்வேடத்தை மூன்று பேர் இன்னும் நம்பிய பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். அதில் ஒருவர் ரீச்சர். ஏன் என்று கேட்டேன். பதிவில் இல்லை என்று தெரியும், ஆனால் அந்த அத்தியாயத்தில் மேரி இரவில் விழித்துக்கிடந்து தன் குரலைத் தாழ்த்திப் பழகும் இடம் ஒன்று இருக்கிறது, முதன்முதலில் ஆண் ஆசிரியர்கள் நிறைந்த ஓய்வறையில் போய் உட்கார்ந்த நாளில் நானும் என் குரலை அப்படித்தான் தாழ்த்தினேன், அதை நான் நம்பாமல் வேறு எதை நம்புவது என்றார். இதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. நாவலுக்கு நான் கொடுக்கக்கூடிய பெரிய பாராட்டும் இதுதான், அந்த நாலு வரியை எழுதியவருக்கு அது போய்ச் சேர வேண்டும்.

அன்றைக்குக் கடைசியில் அடுத்த கதை எது என்ற பேச்சு வந்தது. ஐயா தென்சீனக் கடலைச் சொன்னார். செங் யீ சாவ் என்று அறியப்படுபவள். அந்தப் பெயருக்கே பொருள் செங் யீயின் மனைவி என்பதுதான். 1807இல் கணவன் இறந்த பிறகு கொள்ளையர் கூட்டணியையே நடத்தியவள், 1810இல் அரசாங்கத்தோடு பேசிச் சரணடைந்தபோது 17,000க்கும் மேற்பட்டவர்களும் 226 கப்பல்களும் அவள் பக்கத்தில் இருந்தன. தூக்கும் இல்லை, சிறையும் இல்லை, 1844இல் வயது போய் இறந்தாள். வேடம் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை, ஏனென்றால் அந்தக் கரையில் படகுக் குடிகள் பெண்டு பிள்ளைகளோடு படகிலேயே வாழ்ந்தவர்கள், கடல் அங்கே ஆண்களுடைய இடமாக இருக்கவில்லை. ரீச்சருக்கு இதுதான் பிடித்தது. தொல்காப்பிய வரி செல்லாத ஒரு கடலையும் பார்க்க வேண்டும் என்றார். கொழும்பு நூதனசாலையில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு அந்தக் கதையைத் தொடங்கலாம் என்று கம்பஸ் தங்கச்சி சொன்னாள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே காலியில் நிறுத்திய கல் அது, 1409 என்று திகதியிட்டது, சீனம், பாரசீகம், தமிழ் மூன்றும் ஒரே கல்லில். காலம் நானூறு வருடம் முன்பின் என்றாலும் அந்தக் கடலுக்கும் எங்களுக்கும் இடையில் ஏற்கனவே தமிழில் ஒரு கல் நிற்கிறது.

முறையில் ஒரே ஒரு மாற்றம் செய்யப்போகிறோம். துண்டுகளை முதலில் எழுதிவிட்டு, அதே நாளில் பதிவுகளையும் வாசிப்போம், ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். குரல் பதிவை நான் மட்டும் சொல்லாமல் தங்கச்சியும் அரைவாசியைச் சொல்வாள், ஏனென்றால் வள்ளத்துக்காரியை நான் சொன்ன விதத்தில் என் சார்பு இருந்தது.

முகத்துவாரத்து அக்கா படியிறங்கும்போதே அடுத்த கதைக்கான கேள்வியைக் கேட்டுவிட்டார். இவ்வளவு கப்பல் வைத்திருந்தாளே, அந்தக் கடலில் மீன் பிடித்தவர்கள் அவளுக்கு ஏதும் கட்டினார்களா என்று. கட்டினார்கள் அக்கா என்றேன், மீன்பிடி வள்ளமும் உப்புக் கப்பலும் அவளுடைய ஆட்களிடம் காசு கொடுத்துச் சீட்டு வாங்கித்தான் போக வேண்டும். அக்கா அந்தப் படியிலேயே நின்றுவிட்டார். "சீட்டு எவ்வளவு?" என்று கேட்டார்.